குலைந்ததா, குலைத்தார்களா?

மரக்காணம் உப்பளத்தில் மழைக்கு மறுநாள் இரண்டு விதமான பேச்சு கேட்கும். "பாத்தி குலைஞ்சி போச்சி" என்றால் வானம் செய்த வேலை. பெருமூச்சு விட்டுவிட்டு மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான். "பாத்தியக் குலைச்சிட்டான்" என்றால் கதை வேறு. மேல் பாத்திக்காரர் தன் மழைத்தண்ணீரை அடுத்தவர் பாத்தியில் திறந்துவிட்டிருப்பார், இல்லை யாராவது வரப்பை வெட்டியிருப்பார்கள். அன்று சாயங்காலம் பஞ்சாயத்து உண்டு. எழுத்துத் தமிழில் குலைந்தது, குலைத்தது. நடுவில் வருவது நகர மெய்யா தகர மெய்யா என்பதில் ஓர் ஆள் தெரிகிறார், அல்லது மறைந்துபோகிறார்.

நான் இந்த ஊரில் பிறந்தவள். அம்மா அளத்தில் உப்புச் சுமந்தவர். சித்தப்பா ஒரு துண்டு அளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். நான் படித்துத் தமிழாசிரியையாகி, இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்கே இலக்கணம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். தன்வினை, பிறவினை பாடம் வந்தால் பாடநூல் தரும் 'திருந்தினான், திருத்தினான்' உதாரணத்தோடு நிறுத்தமாட்டேன். உப்பு கரைந்தது, உப்பைக் கரைத்தது. வரப்பு உடைந்தது, வரப்பை உடைத்தான். போட் கவிழ்ந்தது, போட்டைக் கவிழ்த்தது. அளத்துப் பிள்ளைகளுக்கும் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வினை தன்னிடமே நிற்கிறதா, வேறொன்றின் மேல் போய் விழுகிறதா என்பதை அவர்கள் வாழ்க்கையிலேயே பார்த்தவர்கள்.

இந்த ஜோடிகளிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது நிலைகுலைதல், நிலைகுலைத்தல். நாளிதழைத் திறந்தால் தினமும் கண்ணில் படும் சொல். ஆட்சியை நிலைகுலைக்கச் சதி என்பார்கள். பொருளாதாரம் நிலைகுலைந்தது என்பார்கள். மகனை இழந்த தாய் நிலைகுலைந்து போனார் என்று எழுதுவார்கள். இதற்குப் பக்கத்திலேயே கவிழ்த்தல், தகர்த்தல், சீர்குலைத்தல் என்று வேறு சொற்களும் உண்டு. எல்லாம் ஒன்றுதான் என்பதுபோல் கலந்து எழுதுகிறார்கள். ஒன்றல்ல. தகர்த்தால் பொருள் அப்போதே சிதறிக் கிடக்கும். கவிழ்த்தால் தலைகீழாகக் கிடக்கும். சீர்குலைத்தால் ஒழுங்கு கெடும். நிலைகுலைத்தால் உடனே எதுவும் விழாது. திருவிழா முடிந்து தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது என்கிறோமே, அந்த நிலை. ஒரு பொருள் எதன் மேல் ஊன்றி நிற்கிறதோ அதைத் தளர்த்திவிடுவதுதான் நிலைகுலைத்தல். பொருள் அப்படியே நின்றுகொண்டிருக்கும். வேறொரு நாள், வேறொரு சின்னக் காரணத்தால், தன் பாரம் தாங்காமல் தானே விழும். விழும்போது பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். எனவே நாம் 'விழுந்தது' என்று தன்வினையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அரசியலில் நிலைகுலைத்தல் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியதற்குத் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக் கதை ஒரு பெரிய காரணம். அங்கே தேர்தலில் வென்று வந்த சால்வடோர் அயெந்தேயின் அரசை 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் கவிழ்த்தது. ஆனால் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அமெரிக்க உளவுத்துறை சுமார் 80 லட்சம் டாலரை அந்த நாட்டின் எதிர்க்கட்சிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் ரகசியமாகச் செலவிட்டிருந்தது என்று 1975-ல் அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழுவே பதிவு செய்தது. கவிழ்த்தவர்கள் படையினர். நிலைகுலைத்த வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. நம் ஊரிலும் சட்டமன்றம் 'கலைந்தது' என்பதற்கும் 'கலைக்கப்பட்டது' என்பதற்கும் உள்ள தூரத்தை 1976-லும் 1991-லும் தமிழ்நாடு பார்த்தது. யார், எந்தக் காரணத்தால் கலைக்கிறார்கள் என்பதை நீதிமன்றம் கேட்கலாம் என்று 1994-ல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் மாநில ஆட்சிகளை மத்திய அரசு கலைக்கும் வழக்கம் பெரிதும் அடங்கியது. அரசியல் விஷயத்தில் நம் மக்கள் கெட்டிக்காரர்கள். ஆட்சி ஆட்டம் கண்டால் ஆட்டியது யார் என்று டீக்கடையிலேயே கேட்டுவிடுவார்கள். அதே கேள்வியை மண்ணையும் கடலையும் பற்றி நாம் கேட்பதில்லை. என் கவலை அதைப் பற்றியது.

உப்பளத்தில் தொடங்குகிறேன். கடல்நீரை வெயிலில் விட்டால் உப்பு தானே விளையும் என்றுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் நினைக்கிறார்கள். சாலையோரத்தில் வெள்ளை அம்பாரங்களைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் உப்பு மரக்காணத்து உப்பு. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து 420 கிலோமீட்டர் வரும் பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடம் எங்கள் ஊர். கால்வாய்க்கும் கழிமுகத்துக்கும் நடுவே விரிந்து கிடக்கிறது அளம்.

கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. அளத்துக்காரர்கள் மானியை மிதக்கவிட்டு 'டிகிரி' பார்ப்பார்கள். கடல்நீர் மூன்றரை டிகிரி காட்டும். அதை ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிக் காயவைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். அதற்குள் பத்துக் குடம் தண்ணீர் ஒரு குடமாகிவிடும். 29, 30 டிகிரிக்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பாகும். அந்தக் கசப்புநீரை வடித்துவிட வேண்டும். ஆக 25-க்கும் 29-க்கும் நடுவே ஒரு குறுகலான நிலையில் தண்ணீரை நிறுத்தி வைப்பதுதான் உப்புத் தொழில். காற்று, வெயில், தரை, வரப்பு நான்கும் ஒத்துழைக்க வேண்டும்.

தரை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். பொங்கல் கழிந்து மழைத்தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரி, தரையைச் சமன் செய்து, ஆட்கள் வரிசையாக நின்று மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அம்மாவின் பாதங்களில் வெடிப்பு இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. உவர்நீர் ஊறிய களிமண் மிதிபட்டு இறுகினால் சிமெண்டுத் தரை மாதிரி தண்ணீரைத் தாங்கும். அதன் மேல்தான் அழுக்குப்படாத வெள்ளை உப்பு விளையும்.

சித்திரையிலோ வைகாசியிலோ ஒரு கோடை மழை வந்தால் இது அத்தனையும் ஆடிவிடும். இதில் ஓர் அழகான நுட்பம் உண்டு. மழைநீர் லேசானது, பாத்தியிலுள்ள நீர் கனமானது. காற்றில்லாமல் மழை பெய்தால் நல்ல தண்ணீர் மேலேயும் உவர்நீர் கீழேயும் கலக்காமல் கொஞ்ச நேரம் நிற்கும். சித்தப்பா ராத்திரி எந்நேரமானாலும் டார்ச்சோடு ஓடி, மடையின் மேல்வாயை மட்டும் திறந்து மேல்தண்ணியை வடித்துவிடுவார். "காத்து எழும்பறதுக்குள்ள வடிச்சிடணும்மா, கலந்துட்டா எல்லாம் போச்சி" என்பார். காற்று அடித்துவிட்டால் இரண்டும் கலந்து, பல நாள் வெயிலில் ஏறிய டிகிரி ஒரே இரவில் இறங்கிவிடும். படிந்த உப்பும் திரும்பக் கரையும்.

தண்ணீர் போனால் திரும்பக் காயவைத்துக்கொள்ளலாம். தரை கெட்டால்தான் பெரிய நஷ்டம். உவர்நீரில் இருக்கும்வரை களிமண்ணின் நுண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீர் பட்டு உப்பு நீங்கியதும் அந்தப் பிடி விட்டு, துகள்கள் தனித்தனியே பிரிந்து மண் கூழாகும். வரப்பின் ஓரம் நெகிழ்ந்து சரியும். எங்கள் வரப்பைக் கட்டி வைத்திருப்பதே உப்புதான் என்பது எனக்கு வயதான பிறகு, மண் பற்றிய ஒரு புத்தகத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

இதே விஷயம் நார்வே நாட்டில் ஆட்களைக் கொல்கிறது. பனியுகம் முடிந்த காலத்தில் கடலுக்கடியில் படிந்த களிமண் அங்கே பல இடங்களில் இன்று நிலமாக உயர்ந்து நிற்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டு மழையும் ஊற்றுநீரும் அதிலிருந்த கடலுப்பைக் கழுவிவிட்டன. உப்புப் போனபின் அந்த மண் சீட்டுக்கட்டில் கட்டிய வீடுபோல நிற்கிறது. பார்வைக்கு உறுதியான வயல். மேலே வீடு, மாட்டுக் கொட்டகை எல்லாம் இருக்கும். 1978 ஏப்ரல் 29 அன்று ரிஸ்ஸா என்ற ஊரில் ஒரு விவசாயி கொட்டகையைப் பெரிதாக்கத் தோண்டினார். தோண்டிய மண், சுமார் 700 கன மீட்டர், ஏரிக்கரையில் குவிக்கப்பட்டது. அந்தப் பாரத்தில் கரை சரிந்தது. ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாகச் சரிந்து 50 லட்சம் கன மீட்டருக்கு மேல் மண் கூழாகி ஏரிக்குள் ஓடியது. ஒருவர் இறந்தார். அங்கே அரசாங்கமும் ஆய்வாளர்களும் மண் சரிந்தது என்று எழுதிவிட்டு ஓயவில்லை. பாரத்தை எங்கே வைத்தார்கள், அந்த மண்ணில் உப்பு எவ்வளவு மிச்சமிருந்தது என்று அளந்து பார்த்தார்கள். எந்தெந்த நிலம் இப்படிப்பட்டது என்று வரைபடம் போட்டு, அதில் தோண்டக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். கிணறு வழியாக உப்புக் கரைசலை ஏற்றி மண்ணைத் திரும்ப இறுக்க முடியுமா என்றுகூடச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

அந்த மண்ணின் நிலையைக் குலைத்தது பல ஆயிரம் ஆண்டு மழை. சரித்தது ஒரு மண்குவியல். இரண்டையும் தனித்தனியே கண்டுபிடித்தால்தான் அடுத்த ஊரைக் காப்பாற்ற முடியும்.

எங்கள் கடற்கரைக்கு வருகிறேன்.

கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை கடலோரம் 19 மீனவ கிராமங்கள். தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தொடங்கி அனுமந்தை, கைப்பாணிக்குப்பம், எக்கியார்குப்பம் தாண்டி அழகன்குப்பம் வரை. இவற்றின் தென்பகுதியில் பல ஊர்களுக்கு இன்று மணல் கரையே இல்லை. வலை காயவைக்க இடமில்லை, படகை இழுத்துவைக்க இடமில்லை. அலை வீட்டுச் சுவரில் அடிக்கிறது. வகுப்பில் ஒரு பையன் வாக்கியம் சொன்னான்: "டீச்சர், எங்க தாத்தா வீட்டைக் கடல் இடிச்சிட்டுது." பிறவினைதான், சரியான இலக்கணம் என்றேன். பக்கத்தில் இருந்த இன்னொரு பையன் விடவில்லை. "கடல் எங்க டீச்சர் இடிச்சிது? தெக்க கல்லு போட்டதுல மணலு வரல. எங்க அப்பா சொல்லுவாரு." அந்த வகுப்பில் அன்று நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவன் சொல்லிக்கொடுத்தது அதிகம்.

அவன் அப்பா சொன்னது உண்மை. தமிழகத்தின் இந்தக் கடற்கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளுகின்றன. வாடைக்காற்று மாதங்களில் அது கொஞ்சம் தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. கரை நிலையாக இருப்பதாக நாம் பார்ப்பது, போகிற அளவு மணல் வந்துகொண்டும் இருப்பதால்தான். இந்த நடையின் குறுக்கே கடலுக்குள் ஒரு கல்சுவர் நீட்டினால் சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே அலை இருக்கிற மணலை எடுத்துக்கொண்டு போகும், புதிதாக வராது.

இதைத் தமிழ்நாடு 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்ணால் கண்டது. 1876-ல் தொடங்கிச் சென்னைத் துறைமுகத்தைக் கட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் தெருத்தெருவாக உள்ளே வந்தது. மெரினாவைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். அங்கே கிடக்கும் மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது.

நூறு ஆண்டு கழித்து அதே பாடம் புதுச்சேரியில் திரும்ப நடந்தது. 1986-க்கும் 1989-க்கும் இடையில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் தடைபடும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அந்த வேலை தொடர்ந்து நடக்கவில்லை. சில ஆண்டுகளில் நகரத்தின் கடற்கரை மணல் போய், காந்தி சிலையின் எதிரே கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது. அதற்கு அடுத்த வடக்குக் குப்பம் அரிபட்டது. அங்கேயும் கல் கொட்டினார்கள். அதற்கு அடுத்தது அரிபட்டது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று போய், மாநில எல்லையைத் தாண்டி எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்குள் நுழைந்தது. கடலுக்கு மாநில எல்லை தெரியாது. ஆனால் பொறுப்பை யார் ஏற்பது என்ற பேச்சு வந்தால் அந்த எல்லைதான் முதலில் எடுத்துக்காட்டப்படுகிறது.

துறைமுகச் சுவர் எழுந்தது 1980-களில், புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுப் பக்கம். பொம்மையார்பாளையத்தில் வீடு விழுந்தது பல ஆண்டு கழித்து, சுமார் பத்துக் கிலோமீட்டர் வடக்கே, ஏதோ ஒரு புயல் ராத்திரியில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2020 நவம்பர் 25 இரவு மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே கரையேறிய நிவர், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு முறையும் செய்தியில் வருவது ஒன்றுதான்: புயலில் கரை அரிபட்டது, வீடுகள் இடிந்தன. புயலின் பெயரை உலகமே சொல்கிறது. கடைசித் தள்ளல் அந்தப் புயலுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் முன்னே மணல் மேடு அகலமாக இருந்த காலத்திலும் இந்தக் கரைக்குப் புயல் வந்தது. அலையின் வேகத்தை மணல் வாங்கிக்கொண்டது. அந்த மணலை வரவிடாமல் செய்தது புயல் இல்லை.

அரிப்பு வந்த ஊர்மக்கள் கேட்பது தூண்டில் வளைவு. கடலுக்குள் சற்று வளைந்து நீளும் கல் சுவர். தங்கள் பங்கு மணலைத் தங்கள் கரையிலேயே பிடித்துவைக்கும் என்ற நம்பிக்கை. இடிந்த வீட்டு வாசலில் நின்று கேட்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, எனக்கும் வராது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: ஒவ்வொரு தூண்டில் வளைவும் தன் வடக்கே இருக்கும் அடுத்த ஊருக்கு ஒரு சின்னத் துறைமுகச் சுவர்தான். 2018-ல் புதுச்சேரியில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஒரு செயற்கைப் பாரை அமைத்தது. அதன் பிறகு நகரக் கடற்கரையின் ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்தது. வேறு வழிகள் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும் அள்ளி வடக்கே போடும் பழைய ஏற்பாடு இன்றைக்கும் செல்லுபடியாகும். பணம் ஆகும்தான். வீடிழந்தவர்கள் கொடுத்திருக்கும் விலை யார் கணக்கிலும் ஏறவில்லை.

இந்த அரிப்பு எங்கள் உப்பளத்துக்கு என்ன செய்யும்? மரக்காணத்தின் நிலவமைப்பு மென்மையானது. மேற்கே இருந்து ஏரிகளின் உபரிநீர் கழுவேலியில் சேர்கிறது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லப்படுவது இது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல். அந்தத் தண்ணீர் இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கோடையில் அதே வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறும். அளம் இந்த மூச்சை நம்பியிருக்கிறது. மணலின் நடை மாறி முகத்துவாரம் அடைபட்டால் வெள்ளம் பாத்திகளின் மேல் நின்றுவிடும். செயற்கையாக அகலமானால் கடல் எவ்வளவு உள்ளே வரும் என்பது மாறும். ஃபெஞ்சலின்போது எங்கள் மாவட்டத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. அப்படி ஒரு தண்ணீர் வடிய ஒரே வாசல்தான் என்றால் அந்த வாசலைத் தொடுகிறவர்கள் நடுக்கத்தோடுதான் தொட வேண்டும்.

அந்த வாசலின் இரு கரைகளிலும், அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக்குப்பத்திலும், மீன்பிடித் துறைமுகம் கட்ட மாநில அரசு சில ஆண்டுகளுக்கு முன் திட்டமிட்டது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. துறைமுகம் வேண்டும் என்கிற மீனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். முகத்துவாரத்து அலையில் படகு கவிழ்ந்து ஆளைப் பறிகொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பத்திரமான ஒரு துறை வேண்டும். ஆனால் அலைதடுப்புச் சுவர் கட்டித்தான் அதைத் தர வேண்டும் என்றால், வடக்கே கடப்பாக்கம் பக்கத்துக் குப்பங்களுக்கும், பின்னால் இருக்கும் அளத்துக்கும், ஏரிக்கும் என்ன ஆகும் என்பதற்கு முதலில் பதில் வர வேண்டும். புதுச்சேரியில் நடந்ததைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு 'எதிர்பாராதது' என்று நாளை ஒருவரும் சொல்ல முடியாது.

இறால் பண்ணை விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், உப்பள நிலங்களை இறால் குட்டைகளாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பில் பெயர் சொல்லியே எழுதியது. 2005-ல் தனிச் சட்டம் வந்து, அனுமதி தருவது ஓர் ஆணையத்தின் கைக்குப் போனது. கழுவேலி ஓரத்தில் குட்டைகள் இருக்கின்றன, அவற்றின் கழிவுநீர் எங்கேதான் போகும்? உப்பு விளைய வரும் அதே நீரில்தான்.

அளத்துக்காரர்களுக்கு அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்காலத்தில் 5,000 ரூபாய் தரும் திட்டம் 2021-22-லிருந்து வந்திருக்கிறது. அந்தப் பணம் வந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாமல் போவது இயற்கை. அதற்கு நிவாரணம் சரியான மருந்து. நிலைகுலைந்தவர்களுக்கு நிவாரணம் கொடுக்கலாம். நிலைகுலைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தால் அதை நிறுத்தத்தான் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மனுவில், ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலந்துவிடுவதால், கையில் கொஞ்சம் பணம் வந்ததும் கேள்வி முடிந்துவிட்டதாக எல்லோரும் கலைந்துபோகிறோம்.

பத்திரிகையில் எழுதும் என் பழைய மாணவர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். 'கரை அரிபட்டது' என்று எழுதும்போது, அதே செய்தியில் தெற்கே எந்தச் சுவர், எந்த ஆண்டு கட்டியது என்று ஒரு வரி சேருங்கள். 'உப்பளங்களில் வெள்ளம் புகுந்தது' என்று எழுதும்போது, வடிகாலும் முகத்துவாரமும் எந்த நிலையில் இருந்தன என்று கேட்டு எழுதுங்கள். கேட்டுப் பார்த்து இயற்கைதான் காரணம் என்று தெரிந்தால் அப்படியே எழுதுங்கள், அதுவும் உண்மைதானே. எல்லாவற்றுக்கும் ஓர் ஆளைப் பிடித்துப் பழி போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோடை மழையை யாரும் அனுப்பவில்லை.

கடலோரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு வேண்டும், கல் கொட்ட வேண்டும் என்று மனு எடுத்துக்கொண்டு போகிறீர்கள். போகும் முன் உங்கள் ஊருக்கு அடுத்த வடக்குக் குப்பத்துக்கு ஒரு நடை போய், அவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே மனு எழுதுங்கள். அதில் கல்லுக்கு முன்னால் மணலைக் கேளுங்கள். தெற்கே தேங்கிக் கிடக்கும் மணலை அள்ளி வடக்கே போடச் சொல்லி, அதற்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கச் சொல்லி, இரண்டு ஊர்க்காரர்களும் அதில் கையெழுத்துப் போடுங்கள்.